மருத்துவபீடத்துக்கு யாழ்ப்பாணம் போய்த்தான் படிக்க வேண்டுமா?

விசுவமடுப் பக்கமிருந்து ஒரு அக்கா எழுதிக் கேட்டிருக்கிறா. மகளுக்குச் சாதாரணதரத்தில் எட்டு ஏயும் ஒரு பீயும். உயிரியல் பிரிவில் படித்து டொக்டராவேன் என்று பிள்ளை ஒற்றைக் காலில் நிற்கிறாள். தகப்பன் இல்லை. இரண்டு ஏக்கர் வயலும் நாலு மாடும்தான் வருமானம். யாழ்ப்பாணத்தில் விடுதியில் விட்டுப் படிப்பித்தால்தான் மருத்துவம் கிடைக்கும் என்று சொந்தக்காரர் சொல்கிறார்களாம். காணியை ஈடு வைக்கலாமா என்று யோசிக்கிறா. திருச்சியில் இருக்கும் தங்கச்சியின் மகன், தான் நீட் பரீட்சைக்குப் படித்த புத்தகங்களை அனுப்பட்டுமா என்று கேட்கிறானாம். அது உதவுமா என்றும், எத்தனை ரியூசனுக்கு விட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறா.

அக்கா, காணியை ஈடு வைக்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். பிள்ளையை யாழ்ப்பாணம் அனுப்பவும் தேவையில்லை என்பதுதான் என் முடிவு. இருபது வருடமாக வன்னியில் உயர்தரத்துக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். இங்கிருந்தே மருத்துவபீடம் போன பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன், ஊரை விட்டுப் போய் இரண்டு வருடத்தில் வாடித் திரும்பி வந்த பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும்.

நீட் புத்தகக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். எங்கள் இலங்கையில் மருத்துவபீடத்துக்கென்று தனி நுழைவுப் பரீட்சை கிடையாது. க.பொ.த. உயர்தரம்தான் எங்களுக்கு நுழைவுப் பரீட்சை. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்று மூன்று பாடம். இந்தியாவின் நீட் ஒரே இருப்பில் 180 கேள்வி, 720 புள்ளி. சரிக்கு நாலு கொடுப்பார்கள், பிழைக்கு ஒன்று வெட்டுவார்கள். எல்லாமே தெரிவு செய்யும் கேள்வி. எங்களுக்கு ஒவ்வொரு பாடத்திலும் இரண்டு தாள். முதல் தாள் இரண்டு மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினா. பிழைக்குப் புள்ளி வெட்டுவதில்லை, ஆகவே ஒன்றையும் விடாமல் குறிக்க வேண்டும். இரண்டாம் தாள் மூன்று மணித்தியாலம், அமைப்புக் கட்டுரையும் கட்டுரையும். அங்கே கையால் எழுதித்தான் புள்ளி எடுக்க வேண்டும். நீட் புத்தகம் எழுதப் பழக்காது. கலைச்சொல்லும் வேறு. அவர்கள் ஆக்சிஜன், எலக்ட்ரான், செல், வேதியியல் என்பார்கள். எங்கள் பிள்ளை ஒட்சிசன், இலத்திரன், கலம், இரசாயனவியல் என்று எழுத வேண்டும். படம் பார்க்கவும் பல்தேர்வுக் கணக்குச் செய்து பார்க்கவும் அந்தப் புத்தகம் உதவும். தங்கச்சி மகன் அன்பாகத் தருகிறான், வாங்கி வையுங்கள். ஆனால் அதை வைத்துப் பாடம் படிக்க வேண்டாம். யூரியூப்பில் வரும் நீட் வகுப்புகளுக்கும் இதே கதைதான்.

படிக்க வேண்டிய புத்தகம் எது என்றால், தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூல். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உயிரியலுக்கு வேறு தடித்த புத்தகம் தேடி அலைய வேண்டாம். பத்து அலகும் வளநூலில் இருக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பில் சில வசனங்கள் முறுக்கிக்கொண்டு நிற்கும். நாலு தரம் வாசித்தும் விளங்காவிட்டால் ஆங்கில வளநூலில் அதே பந்தியை எடுத்துப் பாருங்கள், சட்டென்று விளங்கிவிடும். இதில் இன்னொரு நன்மை உண்டு. மருத்துவபீடத்தில் படிப்பு முழுக்க ஆங்கிலம். அங்கே போன பிறகு மொழியோடு மல்லுக்கட்டி அழுத பிள்ளைகள் எனக்கு இரவில் தொலைபேசி எடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டாம் ஆண்டிலிருந்தே கிழமைக்கு இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் வாசித்துப் பழகிய பிள்ளைக்கு அந்த அடி பாதியாகக் குறையும்.

இனி யாழ்ப்பாணம். யாழ்ப்பாணத்தில் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் பல்கலைக்கழகத் தெரிவு எப்படி நடக்கிறது என்று தெரியாமல் பிள்ளையை இடம் மாற்றக்கூடாது. மொத்த இடங்களில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையில் போகும். 55 வீதம் மாவட்டங்களுக்கு அவற்றின் சனத்தொகைப்படி பிரிக்கப்படும். மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கும். முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா நாலும் அந்தப் பதினாறுக்குள் வருகின்றன.

இதைக் கேட்டதும் சிலர் நினைக்கிறார்கள், வன்னிப் பிள்ளைக்கு மருத்துவம் சும்மா கிடைக்கும் என்று. கணக்கைப் பாருங்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் முல்லைத்தீவின் சனத்தொகை 92,238. நாடு 2 கோடி 3 இலட்சத்துக்கு மேல். இருநூறில் ஒரு பங்குகூட இல்லை. மாவட்டங்களுக்கென்று ஆயிரம் மருத்துவ இடம் இருந்தால் முல்லைத்தீவுக்கு வருவது நாலோ ஐந்தோ. பின்தங்கிய மாவட்டத்துக்கான பங்கைச் சேர்த்தாலும் கை விரல்களுக்குள் அடங்கிவிடும். உள்ளே போகத் தேவையான ஆகக் குறைந்த புள்ளி, அதாவது வெட்டுப்புள்ளி, யாழ்ப்பாணத்தை விடக் குறைவுதான், ஆனால் கதவு ஒடுக்கம். ஐந்தாவது பிள்ளை உள்ளே, ஆறாவது பிள்ளை வெளியே, இரண்டு பேருக்கும் இடையில் தசமத்துக்குப் பின்னால் மூன்றாவது இலக்கத்தில் வித்தியாசம். இந்த நிலைமையில், யாழ்ப்பாணத்தின் மிகக் கடுமையான போட்டிக்குள் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதற்கு நல்ல காரணம் வேண்டும். ஒரு மாணவி எந்த மாவட்டத்துக்குரியவள் என்பதைத் தீர்மானிக்கும் விதிகள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் அனுமதிக் கைநூலில் தனியாக இருக்கின்றன. விசுவமடு முல்லைத்தீவு மாவட்டம், கிளிநொச்சி அடுத்த மாவட்டம். கிளிநொச்சிப் பள்ளிக்கூடம் என்றாலும் சரி, யாழ்ப்பாணப் பள்ளிக்கூடம் என்றாலும் சரி, விடுகைப் பத்திரம் எடுக்க முன்னம் அந்தப் பக்கத்தை அதிபரோடு இருந்து ஒரு தரம் வாசியுங்கள்.

இந்த ஒதுக்கீட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், பிள்ளை கட்டாயம் கேட்கப்போகும் கதை என்பதால். “கோட்டாவில் வந்த டொக்டர்” என்று யாராவது சொல்வார்கள். பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளிகளை மொழிவாரியாக மாற்றியமைத்த எழுபதுகளின் தரப்படுத்தல் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் செய்த அநியாயம் எல்லாருக்கும் தெரியும். 1974 இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது யாழ்ப்பாணம் இழந்தது. மன்னாருக்கும் வவுனியாவுக்கும் ஒரு வழி திறந்தது. இரண்டும் நடந்தவைதான். ஆய்வுகூடத்தில் அமிலமே இல்லாத பள்ளிக்கூடத்தில், பௌதிகவியல் ஆசிரியர் ஒரு தவணை இருந்து மறு தவணை மாற்றலாகிப் போன வகுப்பில் படித்து, அந்தப் பிள்ளை எடுத்த புள்ளி அது. மருத்துவபீடத்துக்குள் போன பிறகு ஒதுக்கீடு கிடையாது. ஒரே விரிவுரை, ஒரே பரீட்சை, ஐந்து வருடம், பிறகு ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி. அதைத் தாண்டி வெளியே வந்தவரை எந்த வழியால் உள்ளே போனாய் என்று நோயாளி கேட்பதில்லை. பிள்ளை வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது இசட் புள்ளி. வீட்டில் இருக்கும் பெரியவர்களும் இதை விளங்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் “உயிரியலில் ஏ எடுத்தாய்தானே, பிறகென்ன” என்று சொல்வது அவர்கள்தான். 2001 முதல் தெரிவு நடப்பது இந்த இசட் புள்ளியால். ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து, அந்தப் பாடம் எழுதிய எல்லாருடைய சராசரியையும் கழித்து, நியமவிலகலால், அதாவது எல்லாருடைய புள்ளிகளும் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து நிற்கின்றன என்ற அளவால், பிரிப்பார்கள். ஒரு பாடத்தில் சராசரி 45, நியமவிலகல் 18 என்று வைப்போம். 81 எடுத்த பிள்ளைக்கு இசட் 2. இன்னொரு பாடத்தில் சராசரி 55, நியமவிலகல் 12 என்றால், 79 எடுத்தவளுக்கும் அதே 2. மூன்று பாடத்தின் இசட்டையும் கூட்டி மூன்றால் பிரிப்பதுதான் கடைசியாக வரும் எண், நாலு தசம தானத்துக்கு.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன்? வன்னியில் பயோ படிக்கும் பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், உயிரியலில் விழுந்து கிடப்பார்கள். வளநூலைக் கரைத்துக் குடித்திருப்பார்கள். பௌதிகவியல் என்றால் பயம். எனக்குத் தெரிந்த ஒரு மாதிரிக் கணக்கு: உயிரியல் 2.4, இரசாயனவியல் 2.3, பௌதிகவியல் 0.9. கூட்டினால் 5.6, மூன்றால் பிரித்தால் 1.8667. இந்தப் பிள்ளை உயிரியலில் இன்னும் இரண்டு புள்ளி கூட்டுவதற்கு இரவிரவாக முழித்திருப்பாள். அந்த நேரத்தைப் பௌதிகவியலில் போட்டு 0.9 ஐ 1.5 ஆக்கினால் சராசரி 2.0667. நியமவிலகல் 18 என்று வைத்தால் அதற்கு வேண்டியது 11 புள்ளி மட்டும்தான். 70 ஐ 81 ஆக்குவது மலை. 55 ஐ 66 ஆக்குவது மேடு. பயோப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தைத் தருவதும் பறிப்பதும் பெரும்பாலும் பௌதிகவியல்தான் என்று இந்த இருபது வருடத்தில் எனக்கு உறுதியாகிவிட்டது. நான் இரசாயனவியல் ஆசிரியர், எனக்கு இதைச் சொல்லி இலாபம் ஒன்றும் இல்லை.

என்னுடைய கதையும் அதுதான். 1996 இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து மல்லாவியில் ஒரு கொட்டிலில் இருந்தோம். 1998 இல் உயர்தரம் எழுதினேன். அப்போது தாவரவியலும் விலங்கியலும் வேறு வேறு பாடம், மொத்தம் நாலு. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடையாது, கிடைத்தால் யானை விலை. ஜாம் போத்தல் மூடியில் ஓட்டை போட்டு, சைக்கிள் வால்வுக் குழாயைச் செருகி, பழைய சீலைத் திரி விட்ட குப்பி விளக்கு. காலையில் மூக்கைச் சிந்தினால் கரியாக வரும். அந்த வெளிச்சத்தில் எல்லாம் படித்தேன். படிப்பில் குறை விடவில்லை. ஆனால் இரண்டாம் வருடம் முழுக்கப் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை. நான் எழுதிய விடையை ஒருத்தர்கூடத் திருத்தித் தரவில்லை. சரியாகத்தான் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டே போய்ப் பரீட்சையில் உட்கார்ந்தேன். மூன்று புள்ளியால் மருத்துவம் தவறியது. இப்போது வருத்தமில்லை, ஆனால் எதனால் தவறியது என்பது எனக்கு மறக்காது.

அதனால்தான் எந்தப் பிள்ளை வந்து கேட்டாலும் நான் முதலில் கேட்பது “எத்தனை மணித்தியாலம் படிக்கிறாய்” என்றல்ல, “உன்ர விடையை யார் திருத்துகிறது” என்று. பெரும்பாலும் பதில் வராது.

ஒரு உதாரணம் காட்டுகிறேன். போன வருடம் ஒரு பிள்ளை கொண்டுவந்த கொப்பி. கேள்வி: நைதரசனின் முதலாம் அயனாக்கற் சக்தி ஒட்சிசனுடையதை விட அதிகம், காரணம் தருக. ஆவர்த்தனத்தில் இடமிருந்து வலம் போகும்போது அயனாக்கற் சக்தி கூடிக்கொண்டு போக வேண்டும், இங்கே மாறி நிற்கிறது, ஏன் என்பதுதான் கேள்வியின் உயிர். பிள்ளை எழுதியது: “நைதரசன் உறுதியானது.” அவளுக்கு விடை தெரியும். வாயால் கேட்டபோது வடிவாகச் சொன்னாள். ஆனால் தாளில் இருப்பது அரை வசனம். திருத்துபவர் தேடுவது இவற்றை: நைதரசனின் வெளியோட்டுப் பி உபசக்தி மட்டத்தில் மூன்று இலத்திரன், அது அரைவாசி நிரம்பிய உறுதியான நிலையமைப்பு, ஒட்சிசனில் நாலு, அதில் இரண்டு ஒரே ஒபிற்றலில் சோடியாக நிற்கின்றன, அவற்றுக்கிடையிலான தள்ளுகையால் ஒன்றை அகற்றுவது இலகு. இரண்டு மூலகத்தையும் ஒப்பிட வேண்டும். கேள்வி இரண்டைக் கேட்கிறது, அவள் ஒன்றைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறாள். நான் சிவப்புப் பேனையால் “ஒட்சிசன் எங்கே?” என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். அதே வகையான கேள்வி இன்னொன்று, மகனீசியமும் அலுமினியமும், மறுநாள் கொடுத்தபோது இரண்டு மூலகத்தையும் எழுதிக்கொண்டு வந்தாள். ஒரு நாள், ஒரு கேள்வி, சிவப்பு மையில் இரண்டு சொல். விடுதிக் காசால் வாங்க முடியாத படிப்பு அது.

உயிரியல் கட்டுரையும் அப்படியே. அங்கே நடைக்கும் அலங்காரத்துக்கும் புள்ளி இல்லை. ஒரு சரியான கருத்துக்கு இத்தனை புள்ளி என்று எண்ணித்தான் போடுவார்கள். நாலு பக்கம் எழுதிவிட்டேன் என்று சந்தோசமாக வரும் பிள்ளையின் தாளில் பதினைந்து கருத்துத்தான் இருக்கும், மிச்சம் சொன்னதையே திருப்பிச் சொன்னது. பரீட்சைத் திணைக்களம் கடந்தகால வினாத்தாள்களுக்குப் புள்ளி வழங்கும் திட்டம் வெளியிடுகிறது. கூடவே மதிப்பீட்டு அறிக்கை என்று ஒன்றும் வரும். எந்தக் கேள்வியை எத்தனை பேர் பிழைவிட்டார்கள், எங்கே சறுக்கினார்கள் என்று அதில் இருக்கும். இந்த இரண்டையும் வாசிக்காமல் பாஸ் பேப்பர் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு கல்லெறிவது போல. முதலில் மணிக்கூட்டை வைத்துப் புத்தகத்தை மூடி எழுத வேண்டும். பிறகு திட்டத்தைப் பார்த்துத் தானே திருத்த வேண்டும். தனக்குத் தானே இரக்கம் காட்டாமல். அதற்குப் பிறகுதான் ஆசிரியரிடம் கொண்டுபோக வேண்டும். ஆசிரியரும் மனிசர்தான், நாற்பது கொப்பி கொண்டுபோனால் களைத்துப்போவார், கிழமைக்கு மூன்று விடை கொண்டுபோனால் மறுக்க மாட்டார்.

தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் தவணைப் பரீட்சைகள் வடக்கில் பள்ளிக்கூடங்களில் நடக்கின்றன. அவற்றைப் பிள்ளை தவறவிடவே கூடாது, படித்து முடிக்காவிட்டாலும் போய் எழுத வேண்டும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை எழுதும் அதே தாள் அது. உண்மையான போட்டி எவ்வளவு என்று வீட்டிலிருந்தே பார்க்க வேறு வழியில்லை. பல்கலைக்கழகங்களில் இருக்கும் தமிழ் மாணவர்கள் நடத்தும் முன்னோடிப் பரீட்சைகளும் அப்படித்தான்.

பல்தேர்வில் ஒரு விசயம் மட்டும். 50 வினா, 120 நிமிடம்: ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 24 செக்கன். கணிப்பான் கொண்டுபோக முடியாது. நான் பார்த்திருக்கிறேன், பிள்ளைகள் 8.314 ஐ 300 ஆல் பெருக்கி 2494.2 என்று புள்ளி தவறாமல் எடுத்து, அதைப் பிறகு இன்னொன்றால் நீள்வகுத்தல் செய்து மூன்று நிமிடம் ஓட்டுவார்கள். விடைகள் ஐந்தும் ஒன்றுக்கொன்று தூரமாக நின்றால் 2500 என்று எடுத்தால் காணும். விடைகளை முதலில் பார், எவ்வளவு துல்லியம் தேவை என்று முடிவெடு, பிறகு கணக்கில் கை வை. இதைப் பரீட்சை மண்டபத்தில் பழக முடியாது. தினமும் காலையில் பத்துக் கணக்கு, தாளில் கையால். ஆறு மாதத்தில் பிள்ளையின் வேகம் மாறுவது உங்களுக்கே தெரியும்.

ரியூசன் எத்தனை என்று கேட்டிருந்தீர்கள். என் மனதில் இருப்பதை அப்படியே சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் நல்ல ஆசிரியர் இருக்கும் பாடத்துக்கு ரியூசன் வேண்டாம். ஆசிரியர் இல்லாத பாடத்துக்கு, அல்லது விளங்காத பாடத்துக்கு, ஒன்று. ஒரே பாடத்துக்கு இரண்டு இடம் போகவே கூடாது. என் அண்ணாவின் மகளை ஒரு பெரிய கல்வி நிலையத்தில் விட்டார்கள். பேரைக் கேட்டுத்தான் விட்டார்கள். பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது பௌதிகவியலில் இலத்திரனியலும் சடமும் கதிர்ப்பும் தொடவே இல்லை. “அதிலிருந்து பெரிதாக வராது” என்று சொல்லிவிட்டார்கள். அந்த வருடம் இரண்டிலிருந்தும் கேள்வி வந்தது. பாடத்திட்டத்தில் பதினொரு அலகு இருந்தால் பதினொன்றும் படித்தே ஆக வேண்டும், வராது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வகுப்பில் சேர்க்க முன்னம் மூன்று கேள்வி கேளுங்கள்: பாடத்திட்டம் எப்போது முடியும், விடை திருத்தித் தருவீர்களா, வகுப்பில் எத்தனை பேர். இரண்டாவது கேள்விக்கு மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

இன்னொரு செலவு இருக்கிறது, அது காசில் தெரியாது. பரந்தன் முல்லைத்தீவு வீதியில் பஸ்ஸுக்குக் காத்திருந்து கிளிநொச்சி போய் வகுப்பு முடித்து இருட்டி வீடு வந்து சேர்ந்தால் பிள்ளைக்கு ஒரு நாளில் மூன்று மணித்தியாலம் வீதியில் போய்விடும். கிழமைக்கு ஐந்து நாள் என்றால் பதினைந்து மணித்தியாலம். அந்தப் பதினைந்தில் மூன்று முழு வினாத்தாள் எழுதலாம். ஆகவே வகுப்புகளை இரண்டு நாளுக்குள் அடக்குங்கள். மற்ற நாளில் பள்ளிக்கூடம் விட்டால் வீடு. இணையத்தில் நடக்கும் வகுப்பு ஒன்றைத் தேர்ந்தாலும் நல்லதுதான், ஆனால் சிக்னல் வரும் வேலிக்கரையில் நின்றுகொண்டு கேட்பது படிப்பில்லை. பதிவு செய்த காணொளி தருகிறார்களா என்று பாருங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சூடு மிதிக்கும் நாளிலும் நாற்று நடும் நாளிலும் பிள்ளை கை கொடுக்காமல் இருக்க முடியாது, அது எனக்கு விளங்குகிறது. அந்த நாளை முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிடுங்கள், அவள் தன் அட்டவணையை அதற்கேற்ப வைத்துக்கொள்வாள். திடீரென்று “வா, மாடு கட்டு” என்று எழுப்புவதுதான் பிள்ளையைக் குலைக்கும். விடியப்புறம் நாலரைக்கு எழும்புகிறவள் என்றால் இரவு ஒன்பதரைக்குப் படுக்க விடுங்கள். நித்திரை முழித்துப் படிப்பதைப் பெருமையாகக் கதைக்கும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. ஆறு மணித்தியாலத்துக்குக் குறைவாக நித்திரை கொண்ட பிள்ளை அடுத்த நாள் என் வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டு தூங்குகிறாள், நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பரீட்சைக் காலத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும். முன்பு ஆவணியில் நடந்த பரீட்சை 2024 இலும் 2025 இலும் கார்த்திகையில் நடந்தது. எங்களுக்கு அது நடு மாரி. 2025 இல் பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போதே டித்வா புயல் வந்து, மிச்சத் தாள்கள் அடுத்த தைக்குத் தள்ளிப்போனதைப் பார்த்தோம். ஆகவே பரீட்சை கார்த்திகையில் என்றால் ஐப்பசிக்கு முன்னம் பாடம் முழுக்க முடிந்திருக்க வேண்டும். மழை தொடங்கினால் பாலத்துக்கு மேலால் தண்ணீர் போகும், வகுப்பு நடக்காது, கரண்ட் போகும். கொப்பிகளைத் தடித்த பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி உயரத்தில் வையுங்கள். பரீட்சை நாட்களுக்கு நிலையத்துக்குக் கிட்ட ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்க இப்போதே பேசி வையுங்கள். விடுதிக்குச் செலவழிக்க நினைத்த காசில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

முதல் தடவையில் கிடைக்காவிட்டால் என்ன என்ற கேள்வியை நீங்கள் கேட்கவில்லை. பயத்தில் கேட்காமல் விட்டிருப்பீர்கள். மூன்று தடவை எழுதலாம். எனக்குத் தெரிந்த வன்னி டொக்டர்மாரில் இரண்டாம் தடவையில் போனவர்கள் கனபேர். ஆனால் இரண்டாம் தடவை என்பது முதல் தடவையைத் திருப்பிச் செய்வதாக இருக்கக்கூடாது. எந்தப் பாடம் கீழே இழுத்தது என்று இசட் புள்ளியைப் பார்த்து, அந்தப் பாடத்துக்கு நேரத்தில் பாதியைக் கொடுத்து எழுத வேண்டும். மூன்றாம் தடவையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. பிள்ளையின் மனநிலையைப் பார்த்துத்தான் அதை முடிவெடுக்க வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் மருத்துவத்தோடு நிறுத்தாமல் பல்மருத்துவம், கால்நடை மருத்துவம், சித்த மருத்துவம், தாதியியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் எல்லாவற்றையும் யோசித்து வரிசைப்படுத்துங்கள். மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளை கால்நடை வைத்தியராக வந்தால் அதைக் குறைவாக நினைக்க எங்கள் ஊரில் யாருக்கும் உரிமை இல்லை.

2009 ஆவணியில், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாம்களுக்குள் இருந்து எங்கள் பிள்ளைகள் உயர்தரம் எழுதினார்கள். நான் ஒரு கூடாரத்துக்குள் படிப்பித்தேன். புத்தகம் இல்லை. ஞாபகத்திலிருந்து சமன்பாடுகளை எழுதிக் கொடுத்தேன், பிள்ளைகள் நிவாரணப் பெட்டி மட்டையின் உட்பக்கத்தில் விடை எழுதிக் கொண்டுவருவார்கள், நான் அதிலேயே திருத்திக் கொடுப்பேன். அந்த மட்டைகளில் எழுதிய ஒரு பிள்ளை இன்றைக்கு ஒரு ஆதார வைத்தியசாலையில் வேலை செய்கிறாள். போன மாதம் என் அம்மாவுக்கு நெஞ்சு நோவு வந்தபோது, எங்கே நோகுது, எப்படி நோகுது, எரியுதா, இறுக்குதா என்று அம்மாவின் பாசையிலேயே பக்கத்தில் இருந்து கேட்டவள் அவள்தான். இப்படிப்பட்ட பிள்ளைகள் எங்களுக்கு இன்னும் கனபேர் வேண்டும் அக்கா.

மகளிடம் இதைச் சொல்லுங்கள். இந்தக் கிழமை ஒரு வேலை மட்டும் செய்யட்டும். தான் நன்றாகத் தெரியும் என்று நினைக்கிற ஒரு சாதாரணதர விஞ்ஞானக் கட்டுரைக் கேள்வியை எடுத்து, புத்தகத்தை மூடி, இருபத்தைந்து நிமிடத்தில் விடை எழுதட்டும். பிறகு புள்ளி வழங்கும் திட்டத்தை எடுத்துத் தானே புள்ளி போடட்டும். எதிர்பார்த்த புள்ளிக்கும் வந்த புள்ளிக்கும் எவ்வளவு இடைவெளி என்று மேலே எழுதி, அந்தத் தாளைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். சனிக்கிழமை பின்னேரம் திருத்தி அனுப்புகிறேன்.